மோடம் முதல் என்எம்சிஎல்ஐ வரை: கணினிகளை இணைத்த ஷெல் ஸ்கிரிப்ட்களின் கதை

இன்று இணைய இணைப்பு என்றால் திரையின் மூலையில் இருக்கும் ஒரு சின்னப் படம். அதைச் சொடுக்கினால் இணைப்பு வரும், மறுபடி சொடுக்கினால் போகும். அவ்வளவுதான்! ஆனால் அந்தப் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே கணினிகள் ஒன்றையொன்று அழைத்துப் பேசிக்கொண்டன. பக்கத்தில் ஆள் யாரும் இல்லாத நள்ளிரவில் அவற்றைப் பேச வைத்தவை சில வரி ஸ்கிரிப்ட்கள்தான். இணையத்தின் வரலாற்றைப் பேசும்போது பெரிய பெயர்கள் எல்லாம் வருகின்றன, இந்தச் சில வரிகளை யாரும் பேசுவதில்லை.

நள்ளிரவு அழைப்புகள்

1976ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் என்பவர் யுயுசிபி என்ற நிரலை எழுதினார். ஒரு யுனிக்ஸ் கணினியிலிருந்து இன்னொரு யுனிக்ஸ் கணினிக்குத் தொலைபேசி வழியாகக் கோப்புகளை அனுப்புவதே இதன் வேலை. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது எல்லோருக்கும் கிடைத்தது. ஸ்டீபன் போர்ன் எழுதிய புகழ்பெற்ற போர்ன் ஷெல்லும் அதே பதிப்பில்தான் வெளியானது. இணைக்க ஒரு கருவி, அந்தக் கருவியை இயக்க ஒரு மொழி. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தன எனலாம்.

அதன் பலன் உடனே தெரிந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979இல் யூஸ்நெட் என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பைத் திட்டமிட்டார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்டீவ் பெல்லோவின் அதன் முதல் வடிவத்தை எழுதிக் காட்டினார். அது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட்! வேகம் குறைவுதான், ஆனால் யோசனை நடக்கும் என்று நிரூபிக்க அது போதுமானதாக இருந்தது.

தொலைபேசிக் கட்டணம் இரவில் குறைவு. அதனால் யுயுசிபியின் அமைப்புக் கோப்பில் எந்தக் கணினியை எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று எழுத ஓர் இடம் இருந்தது. பகலில் எழுதிய கடிதம் வரிசையில் காத்திருக்கும், இரவில் கிளம்பும்.

எதிர்பார், அனுப்பு

அதே கோப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. மறுமுனைக் கணினியோடு எப்படிப் பேச வேண்டும் என்ற வசனம் அது. "இந்தச் சொல் வரும்வரை காத்திரு, வந்தால் இதை அனுப்பு" என்று ஜோடி ஜோடியாக எழுத வேண்டும். பெயர் கேட்டால் பெயர், கடவுச்சொல் கேட்டால் கடவுச்சொல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "லாகின்" என்று முழுச் சொல்லுக்கும் யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டுமே எழுதுவார்கள். ஏனென்றால் சில கணினிகள் அந்த எழுத்தைப் பெரிதாகவும் சில சிறிதாகவும் அச்சிடும். கம்பி இரைச்சலில் முதல் எழுத்து தொலைந்துபோவதும் உண்டு. மனிதனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட் ஓர் எழுத்து மாறினாலும் விடிய விடியக் காத்துக்கொண்டே நிற்கும். இந்தப் பிரச்சினையை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடி வரும்.

1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் வந்தது. எண்ணைச் சுழற்று, எடு, வை என்று மோடமுக்கே எழுத்துகளால் ஆணையிட முடிந்தது. இதனால் டயல் செய்வதும் ஸ்கிரிப்டில் ஒரு வரியாகிவிட்டது.

இஃப்கான்ஃபிக் வருகை

1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யுனிக்ஸில் இஃப்கான்ஃபிக் என்ற கட்டளை இடம்பெற்றது. கணினிக்கு முகவரி கொடுப்பது, இணைப்பைத் திறப்பது, மூடுவது எல்லாம் இதன் வேலை. கணினி விழித்தெழும்போது ஓடும் தொடக்க ஸ்கிரிப்டில் இதற்கு ஒரு வரி எழுதினால் போதும். ஒருமுறை எழுதினால் பல வருடம் தொட வேண்டியதில்லை. அந்தக் காலக் கணினிகள் இடம்விட்டு இடம் நகரவில்லையே!

ஷெல் மட்டும் கிடைத்தவர்கள்

இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டம் சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்தது. அங்கும் முதலில் மின்னஞ்சலைச் சுமந்தது யுயுசிபிதான். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலமாக. மாணவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஷெல் கணக்கு. அதாவது விஎஸ்என்எல் கணினிக்குள் நுழைந்து எழுத்துகளை மட்டும் பார்க்கலாம். படங்கள் கிடையாது. உண்மையில் இணையத்தில் இருந்தது அவர்களின் கணினி இல்லை, நிறுவனத்தின் கணினிதான்.

உலகெங்கும் இதே நிலைமை இருந்தது. அதற்கு விடையாக 1990களின் நடுவில் டேனி காஸ்பரோவ்ஸ்கி ஸ்லிர்ப் என்ற நிரலை எழுதினார். ஷெல் கணக்கில் நுழைந்து இதை ஓடவிட்டால், அந்த எழுத்து இணைப்பே முழு இணைய இணைப்பாக மாறிவிடும். இதற்கு நிர்வாகி உரிமை எதுவும் தேவையில்லை. குறைந்த விலைக் கணக்கில் முழு இணையம்! சில நிறுவனங்கள் இதைத் தடை செய்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் காலத்து லினக்ஸ் பயனர்களுக்கு பிபிபிடி என்ற நிரலும் சாட் என்ற துணை நிரலும் நன்கு தெரிந்தவை. சாட் ஸ்கிரிப்ட் யுயுசிபி காலத்து "எதிர்பார், அனுப்பு" முறையேதான். இணைப்பு வந்ததும் தானாக ஓட ஒரு ஸ்கிரிப்ட், போனதும் ஓட இன்னொன்று. வந்தவுடன் கடிதங்களை வாங்கு, எழுதியதை அனுப்பு, சும்மா இருந்தால் துண்டித்துவிடு. ஒவ்வொரு நிமிடமும் காசு என்பதால் இது வசதி மட்டுமல்ல, சிக்கனமும்கூட.

பழைய பிரச்சினை, புதிய வடிவம்

1999இல் வந்த லினக்ஸ் 2.2 கருவின் புதிய வலையமைப்பு வசதிகளுக்காக அலெக்ஸி குஸ்னெட்சோவ் ஐபி என்ற கட்டளையை உருவாக்கினார். ஆனாலும் இஃப்கான்ஃபிக்கை யாரும் விடவில்லை. காரணம், ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்ட்கள் அதன் வெளியீட்டைப் படித்து முகவரியைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தன. பிறகு ஒரு புதிய பதிப்பில் முகவரிக்கு முன்னால் இருந்த "அட்ரெஸ்" என்பதன் சுருக்கம் நீக்கப்பட்டது. அதைத் தேடிய ஸ்கிரிப்ட்கள் எல்லாம் வெறுங்கையோடு நின்றன. லாகின் பிரச்சினையேதான்! மனிதன் படிக்க எழுதியதை நிரல் படித்தால் இந்த விபத்து என்றாவது நடக்கும். 2017இல் வந்த டெபியன் 9 இஃப்கான்ஃபிக்கை இயல்பாக நிறுவுவதையே நிறுத்தியது.

மடிக்கணினியும் வைஃபையும் வந்தபின் நிலைமை இன்னும் மாறியது. வீட்டில் ஒரு இணைப்பு, கல்லூரியில் வேறொன்று. நிலையான தொடக்க ஸ்கிரிப்ட் இங்கே உதவாது. 2004இல் ரெட் ஹாட் நிறுவனம் நெட்வொர்க்மேனேஜரை அறிமுகப்படுத்தியது. முதலில் அது சொடுக்கிப் பயன்படுத்துவதாகவே இருந்தது, ஸ்கிரிப்ட் எழுதுவோர் திட்டித் தீர்த்தனர். 2010இல் என்எம்சிஎல்ஐ என்ற கட்டளை வந்தது. இதில் ஸ்கிரிப்ட்களுக்கென்றே ஒரு சுருக்க வெளியீடு உண்டு. முடிவையும் எண்ணாகவே சொல்லும்: 3 என்றால் நேரம் கடந்துவிட்டது, 4 என்றால் இணைக்க முடியவில்லை, 10 என்றால் அப்படி ஓர் இணைப்பே இல்லை. சொல்லை ஊகிக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது.

நுனிக்கொம்பில் உட்கார்ந்து...

ஒரு ஆபத்து மட்டும் இன்றும் மாறவில்லை. தொலைவில் உள்ள கணினியின் இணைப்பை, அதே இணைப்பு வழியாக நுழைந்து மாற்றுவது நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரம் வெட்டுவது போல. ஒரு எண் தவறினால் உள்ளே போகும் வழியே அடைபடும். பிறகு யாராவது நேரில் போக வேண்டும். அதனால் அனுபவசாலிகள் மாற்றுவதற்கு முன்பே, "சில நிமிடத்தில் பழையபடி ஆக்கு" என்று ஒரு ஸ்கிரிப்டைக் காத்திருக்க வைப்பார்கள். எல்லாம் சரியாக நடந்தால் அதை நிறுத்திவிடலாம். இந்தக் கைவைத்தியம் உபுண்டுவின் நெட்பிளானில் "ட்ரை" என்ற கட்டளையாகவே வந்துவிட்டது. 120 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்குத் திரும்ப முயலும்.

ஸ்லிர்ப்பும் சாகவில்லை. கியூஎமு, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிகளில் 10.0.2.15 என்ற முகவரியைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தருவது ஸ்லிர்ப்பின் வழிவந்த நிரல்தான். நிர்வாகி உரிமை இல்லாமல் இணையத்தை அடைய அன்று ஒருவர் கண்டுபிடித்த வழி, டயல்-அப் மறைந்த பிறகும் பயன்படுகிறது. மோடமின் கீச்சொலி போய்விட்டது, அதோடு வாழ்ந்தவர்கள் எழுதிய தந்திரங்கள் போகவில்லை.