செக்ரோலும் கணிப்பொறியின் நினைவகமும்

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், விடியற்காலையில் பெரட்டுக்களத்திலே பேர் பதிவது நெடுநாள் வழக்கம். மலைக்குச் செல்லும் கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையில் இருப்பது சிறிய செக்ரோல். பெரிய செக்ரோல் காரியாலயத்தை விட்டு அசையாது. சிற்றேட்டில் எழுதியது பேரேட்டில் ஏறாவிட்டால், உழைத்தவரின் ஒருநாட் பேர் கணக்கில் இல்லாமற் போகும்.

கணிப்பொறி அறிஞரை வருத்தியதும் இதையொத்த சிக்கலே. விரைவான நினைவகம் சிறியது, விலைமிக்கது. பெரிய சேமிப்பகமோ மெதுவானது. எது எங்கே இருத்தல் வேண்டும் என்பதை ஆதியில் நிரல் எழுதுவோரே திட்டமிட்டனர். 1962 டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற அட்லஸ் பொறி அச்சுமையை இறக்கிவைத்தது. டாம் கில்பர்ன் குழுவினர் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்தனர். விரைவு நினைவகத்தில் 32 பக்கங்கள். சுழலும் காந்த உருளையில் 192. நிரலுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. வேண்டிய பக்கம் இல்லையேல், பொறியே ஒன்றை வெளியேற்றி மற்றதைக் கொணர்ந்தது.

ஆனால் அளவுக்கு மீறிப் பணிகளை ஏற்றினால் என்னாகும்? பொறி பக்கங்களைச் சுமப்பதிலேயே காலத்தைக் கழிக்கும். கூடையோடு மலைக்கும் ஸ்டோருக்கும் ஓடிக்கொண்டேயிருந்தால் கொழுந்து பறிப்பது எப்போது? இந்நிலையின் காரணத்தை 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார்.

தரவுத்தளங்கள் வந்தபின் தகராறு வேறு உருவெடுத்தது. நெடுநேரம் தொடாத பக்கத்தை வெளியேற்றுவது இயங்குதளத்தின் பொதுவழக்கம். பேரேட்டை முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை புரட்டுபவருக்கோ, சற்றுமுன் படித்த பக்கமே இனி வேண்டாதது! மேலும், மின்தடையிலும் பதிவு அழியாதிருக்க, மாற்றத்தைக் கூறும் குறிப்பு முதலில் வட்டில் எழுதப்பட்டாக வேண்டும். இயங்குதளமோ வசதிப்பட்டபோது எழுதும். இக்குறைகளை 1981இல் பெர்க்லி பல்கலைக்கழகத்து மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் எடுத்துக்காட்டினார்.

ஆகவே தரவுத்தளங்கள் தமக்கெனப் பக்கத் தேக்கம் வைத்துக்கொண்டன. ஒரே மலைக்கு இரு கணக்கப்பிள்ளைகள்! நினைவகம் நெருக்கடியானால், அத்தேக்கத்தின் பக்கங்களையே இயங்குதளம் வட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். எறிய வேண்டிய பக்கத்தையும், எறிவதற்காகவே மீண்டும் வட்டிலிருந்து கொணரும் விந்தை அப்போது நிகழும். இதனாலேயே, தேக்கத்தை வெளியேற்றாதவாறு நினைவகத்திலேயே பூட்டிவைக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. எனினும், ஸ்டோன்பிரேக்கர் பின்னர் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் வழிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல், தன் தேக்கத்தோடு இயங்குதளத்தின் தேக்கத்தையும் நம்பியே வளர்ந்தது.