உலக்கை நின்ற காலை: அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வதன் பயனும் இடர்களும்

1. ஆய்வுப் பொருள்

2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணத்தின் பாதை உதகை, கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகச் சென்றது. காலை ஒன்பதரை மணியளவில் நிலவு சூரியனின் நடுவை மறைக்க, விளிம்பு மட்டும் வளையமாக ஒளிர்ந்தது. அறிவியல் பரப்பலின் வலிமையும் அதில் நேரும் பிழைகளும் அந்த ஒரே காலையில் கண்ணுக்குத் தெரிந்தன. அதனால் அதையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். கண்டறிந்த முடிவோடு, அதைக் கண்டறிந்த வழியையும் மக்கள் கையில் கொடுப்பதே அறிவியல் பரப்பல் என்ற பொருளில் இச்சொல் இங்கே ஆளப்படுகிறது.

2. பயன்

தமிழில் இப்பணிக்கு நீண்ட மரபு உண்டு. வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி (1891–1986) பல பத்தாண்டுகள் அறிவியலைத் தமிழில் எழுதினார். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், சிறுவர்களுக்காக 1987 முதல் ‘துளிர்’ இதழை நடத்திவருகிறது.

இந்த உழைப்பின் பலனை வேப்பமரத்தடியில் காணலாம். கங்கண கிரகணத்தின்போது இலை இடுக்குகளின் வழியே விழும் வெயில், தரையெங்கும் குட்டிக் குட்டி வளையங்களாகக் கிடக்கும். ஒவ்வோர் இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, அதே வளையத்தைத் தன் உள்ளங்கையில் விழவைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இன்னொன்றும் புரிகிறது: மற்ற நாள்களில் மரத்தடியில் கிடக்கும் வட்ட வெளிச்சங்களும் சூரியனின் பிம்பங்களே. இதைத் தெரிந்துகொள்ள அதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. யார் சொல்லையும் நம்பவும் வேண்டியிருக்கவில்லை.

3. இடர்கள்

3.1 காரணம் உதிர்ந்த எச்சரிக்கை

“வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்” என்பது சரியான அறிவுரை. மற்ற நாள்களில் கூச்சம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கிரகணத்தன்று ஆவலில் உற்றுப் பார்க்கிறோம். விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது, அதனால் அது சுடுபடுவதே தெரியாது. மற்றபடி வெயிலில் புதிதாக நஞ்சு ஏதும் சேர்வதில்லை. இந்தக் காரணத்தை விட்டுவிட்டு எச்சரிக்கையை மட்டும் முழங்கினால், அது பழைய அச்சத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ‘பார்க்காதே’ என்பது ‘வெளியே வராதே’ என்றாகிறது. கர்ப்பிணியை உள்ளறையில் அடைத்து, சமைத்த சோற்றைக் கொட்டிவிட்டு, “விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்” என்கிறார்கள்.

3.2 கவர்ச்சிப் பெயர்

இயற்பியலாளர் லியோன் லெடர்மேனின் 1993ஆம் ஆண்டு நூலின் தலைப்பு, 2012 ஜூலை 4இல் ஹிக்ஸ் துகள் பற்றிய செர்ன் ஆய்வகத்தின் அறிவிப்பு வந்தபோது ‘கடவுள் துகள்’ என்று நம் செய்திகளிலும் ஏறியது. அத்துகளை முன்கணித்த பீட்டர் ஹிக்ஸுக்கே பிடிக்காத பெயர் அது. கூடவே வந்த ‘எல்லாவற்றுக்கும் நிறை தரும் துகள்’ என்ற விளக்கமும் பிழையானது. நம் உடல் நிறையின் பெரும்பகுதி, புரோட்டான், நியூட்ரான்களுக்குள் குவார்க்குகளைப் பிணைத்திருக்கும் ஆற்றலிலிருந்து வருகிறது. அத்துகளோடு தொடர்புடைய ஹிக்ஸ் புலத்தின் நேரடிப் பங்கு நூற்றில் ஓரிரண்டுதான்.

3.3 அறிவியல் வேடம்

மிகவும் கவலை தருவது இதுவே. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தினால், கிரகணம் விடும்வரை அது விழாமல் நிற்கும் என்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அதை வெறும் வழக்கமாகச் சொன்ன காலம் போய், சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் வந்து இழுப்பதால் நிற்கிறது என்று ‘அறிவியல் விளக்கம்’ தரும் காலம் வந்திருக்கிறது. ஈர்ப்பு விசை, நேர்கோடு என்ற சொற்களை அறிவியல் பரப்பலே மக்களுக்குக் கொடுத்தது. அளவு பார்க்கும் பழக்கத்தைக் கொடுக்கத் தவறியது. அமாவாசைதோறும் சூரியனும் நிலவும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் நிற்கின்றன. அவை இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் ஓத விசை, பூமியின் ஈர்ப்பில் ஒரு கோடியில் ஓரிரு பங்கு. உலக்கையை நிறுத்துவது அதன் தட்டையான அடிப்பூணும், நிறுத்துபவரின் பொறுமையும்தான்.

4. மறுக்கும் முறை

உலக்கையை நிறுத்திய பாட்டியிடம் ‘மூடநம்பிக்கை’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே அறுந்துபோகும். அவர் கண்ணால் கண்டது பொய்யல்ல. உலக்கை உண்மையாகவே நின்றது. ஆகவே மறுப்பும் அவர் முற்றத்திலேயே நடக்க வேண்டும். கிரகணம் முடிந்து ஒரு வாரம் கழித்து அதே தாம்பாளம், அதே தண்ணீர், அதே உலக்கை. நிறுத்தும் கையும் அவருடையதே. பிறகு தண்ணீர் இல்லாமல் ஒருமுறை, பூண் தேய்ந்த உலக்கையை வைத்து ஒருமுறை. எது நின்றது, எது விழுந்தது என்று பேத்தி நாள்காட்டியில் குறித்துக்கொண்டு வரட்டும்.