வேடமும் உடம்பும்

நடிகன் என்பான் தானல்லாத ஒருவனாய்ச் சிறிது பொழுது வாழ்பவன். அவ்வாழ்வுக்கு அவன் முற்காலத்தில் நம்பியிருந்தது வேடத்தையே. அரிதாரமும் முடியும் உடையும் அவனை அரசனாக்கின; ஆண்டியுமாக்கின. ஆட்டம் முடிந்ததும் அவற்றைக் களைந்து தன் உடம்போடு வீடு திரும்பினான். ஒரு பாத்திரத்தின் பொருட்டு உடம்பையே மெலிவித்தும் பருக்கச் செய்தும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் திரைப்படத்தால் வந்ததென்பது பலர் கருத்து. அக்கருத்து முற்றிலும் பொருந்துவதன்று. தமிழரங்கின் வரலாற்றை நோக்குவார்க்கு இது புலனாகும்.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை பதினோராடல்களைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று காமன் பேடியுருக் கொண்டு ஆடியது. மற்றொன்று கொற்றவை மரக்கால் மேல் நின்று ஆடியது. முன்னது பாலையும் பின்னது உயரத்தையும் மாற்றுவது. உள்ளத்துணர்வு உடம்பின்கண் வெளிப்படுதலுக்குத் தொல்காப்பியர் இட்ட பெயரும் மெய்ப்பாடு என்பதே. எனவே, நடிப்பின் இருப்பிடம் உடம்பு என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று.

மட்டக்களப்புப் பகுதிக் கூத்துகளிலே வடமோடி உடைகள் பாரமானவை. தென்மோடி உடைகள் அத்துணைப் பாரமில்லாதவை. அண்ணாவியார் சட்டம் கொடுத்த நாள் தொடங்கிச் சதங்கை அணியும் நாளும் கடந்து அரங்கேற்றம் வரும்வரை கூத்தர் பல மாதங்கள் ஆடிப் பழகுவர். பகலெல்லாம் வயலில் உழைத்தவன் இரவில் வட்டக்களரியிலே அப்பாரத்தைச் சுமந்து விடியும்வரை ஆடவேண்டும். அதற்கேற்பக் காலும் மூச்சும் உரம் பெறுகின்றன. இதனை எவரும் உடல்மாற்றம் என்று பெயரிட்டுப் பேசியதில்லை.

தமிழகத்துப் பாலர் நாடக சபைகளின் கதை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அத்தகைய சபைகளில் சிறுவர்களே பெண்வேடமும் புனைந்தனர். அவர்களுடைய பெரும் பகை மகரக்கட்டு. பதின்ம வயதிலே குரல் உடைந்ததும், நேற்றுவரை நாயகியாய் விளங்கிய சிறுவன் இன்று பாடவியலாதவனாகி மூலைக்குத் தள்ளப்பட்டான். ஈண்டு நடிகன் உடம்பை மாற்றவில்லை. உடம்பே மாறி நடிகனைக் கைவிட்டது. உடம்பை நம்பிய கலைக்கு உடம்பே எமனாதலும் உண்டு என்பதை அச்சிறுவர்களைப்போல் உணர்ந்தவர் வேறு யாவர்?

அச்சபையிலே ஆறு வயதளவிற் சேர்ந்தவர் 1912 இற் பிறந்த தி. க. சண்முகம். பிற்காலத்தில், முப்பதுகளில் இருந்த அவர், ஔவையார் நாடகத்தில் மூதாட்டியாகத் தோன்றினார். பொக்கைவாய் பொய்யாகத் தோன்றலாகாதென்று தம் பற்களையே பிடுங்குவித்தார் என்பது நாடக உலகில் நெடுங்காலமாக வழங்கும் செய்தி. மெலிந்த உடம்பு மீண்டும் பருக்கும். மழித்த தலையில் மயிர் வளரும். பிடுங்கிய பல் முளைப்பதில்லை. அண்மைக் காட்சி காட்டும் படக்கருவி ஏதும் அவர் எதிரே இருக்கவுமில்லை. இதனை வெறும் பிடிவாதம் என்பாருமுளர். யான் அவ்வாறு கருதேன். பல் போனால் முகம் மட்டுமன்றிச் சொல்லும் மாறும். கிழவியின் குழறலும் நிறுத்தமும் தாமே வந்தமையும். ஊரார் அவருக்கு ஔவை சண்முகம் என்றே பெயரிட்டனர். 1953 இல் ஜெமினி நிறுவனத்து எஸ். எஸ். வாசன் ஔவையாரைப் படமாக்கியபோது அவ்வேடம் கே. பி. சுந்தராம்பாளுக்குச் சென்றது.

திரைப்படத்துக்கு வருவோம். 1913 இல் தாதாசாகிப் பால்கே அரிச்சந்திரன் கதையைப் படமாக்கியபோது தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்னும் ஆடவர். மீசையை மழிப்பது தந்தை இறந்தார்க்குரிய சடங்கென்று நடிகர் தயங்கினர் என்பர். 1917 இல் வந்த இலங்கா தகனத்தில் அதே சாளுங்கே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். மேடையில் நாற்பது அடிக்கு அப்பாலிருந்து கண்டு ஏமாந்த கண், படக்கருவியின் அண்மையில் ஏமாற மறுத்தது. 1952 இற் பராசக்தி எடுக்கப்பட்டபோது, மெலிந்த உடம்பினர் என்று சிவாஜி கணேசனை நீக்கிவிட மெய்யப்பச் செட்டியார் எண்ணினார். தயாரிப்பில் இணைந்திருந்த பெருமாள் உறுதியாய் நின்றமையால் அவர் தப்பினார். முதலில் மனநிறைவு தராத காட்சிகள் பின்னர் மீளவும் எடுக்கப்பட்டன. தமிழ்த் திரையின் பெருநடிகர் உடம்பின் குறையால் தொடக்கத்திலேயே விலக்கப்படவிருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

மேல்நாட்டில் 1980 இல் றொபேட் டி நீரோ குத்துச்சண்டை வீரர் ஒருவரின் முதுமையைக் காட்ட ஏறத்தாழ 60 இறாத்தல் எடை கூடினார். அதன்பின் இது ஒரு போட்டியாகவே வளர்ந்தது. தமிழில் இருவழிகள் தோன்றின. சிறுவராய்ச் சண்முகத்தின் குழுவிற் பயின்ற கமல்ஹாசன், 1989 இல் அபூர்வ சகோதரர்களிற் குள்ளனாகத் தோன்ற முழங்காலை மடித்து நடந்தார். 1996 இல் தாம் மூதாட்டி வேடம் புனைந்த படத்துக்கு ஆசானின் நினைவாக அவ்வை சண்முகி என்றே பெயரிட்டார். இது வேடத்தின் வழி. மற்றது உடம்பின் வழி. 1999 இல் வெளிவந்த பாலாவின் சேதுவுக்காக விக்ரம் தலையை மழித்து ஏறத்தாழ 20 கிலோ குறைந்தார். வேலைநிறுத்தத்தாற் படப்பிடிப்பு நீண்டபோதும் அத்தோற்றம் கெடாதிருக்கப் பிற படங்களை ஏலாது காத்திருந்தார். புகழ் வந்தது. ஆயினும், அப்படம் ஓடாதிருந்தால் அம்மெலிவை எவர் நினைவுகூர்ந்திருப்பர்? விரைந்து மெலிவோர்க்குத் தசை தேயும், பித்தப்பையிற் கல் தோன்றும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். புகழ்பெற்ற ஒருவரைப் பார்த்துப் பட்டினி கிடக்கும் பெயரறியா இளைஞருக்கு அவ்வெச்சரிக்கையை எடுத்துரைப்பார் அருகில் இல்லை என்பதே எனது கவலை.

இறுதியாக ஒன்று. 2008 இல் வந்த பென்யாமின் என்பாரின் ஆடுஜீவிதம் என்னும் மலையாள நாவல், வளைகுடாப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க அடிமைப்பட்ட ஒரு தொழிலாளியின் கதை. பிளெஸ்ஸி அதனைப் படமாக்கி 2024 இல் வெளியிட்டார். நாயகர் பிருதிவிராஜ் அதற்காக ஏறத்தாழ 30 கிலோ மெலிந்தார். 2020 இல் பெருந்தொற்றினால் குழுவினர் யோர்தான் பாலைவனத்திலே பல வாரங்கள் அகப்பட்டுக் கிடந்தனர். நடிகரின் பட்டினிக்கு ஒரு கணக்கு இருந்தது, முடிவுநாளும் இருந்தது. கதையின் மனிதனுக்கு அவை இருக்கவில்லை. எமது கரையோர ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குத் தொழில் தேடிச் செல்லாத குடும்பம் அரிது. அங்கு உழைத்து மீண்ட சிலரோடு இப்படத்தைப் பற்றி உரையாடினேன். நடிகரின் விலாவெலும்புகளைப் பற்றி ஒருவரும் பேசினாரில்லை. கழுவிக்கொள்ளவும் தண்ணீர் மறுக்கப்பட்ட காட்சியையே அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.