முடியாட்சியின் கடனும் காரைக்கால் கரையும்

1789-இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் பாரீசையும் வெர்சாய் அரண்மனையையும் விட்டு நகர்வதில்லை. அம்முடியாட்சியைக் கவிழ்த்த கடனில் ஒரு பங்கு சோழமண்டலக் கரையில்தான் செலவழிந்தது என்பதும், அப்புரட்சி அறிவித்த உரிமைகள் இதே கரையை வந்தடைய ஒரு நூற்றாண்டு பிடித்தது என்பதும் காரைக்கால், நெரவி, திருமலைராயன்பட்டினம் பகுதிகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

காரைக்கால் 1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது; 1749-இல் தஞ்சை மன்னர் பிரதாப சிங்குடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் சுற்றுவட்டார ஊர்கள் 81 சேர்ந்தன. 1769-இல் கம்பெனியின் வணிக உரிமை நிறுத்தப்பட்ட பின் இவ்வூர்கள் நேரடியாகப் பிரெஞ்சு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டன. அந்த ஆட்சியே வரம்பிலா முடியாட்சி எனப்படுவது. அதாவது சட்டம் இயற்றுவதும், வரி விதிப்பதும், நீதி வழங்குவதும் இறுதியில் மன்னர் ஒருவரின் அதிகாரம் என்றும், அது கடவுள் தந்தது என்றும் கொள்ளும் ஆட்சிமுறை.

பிரெஞ்சுச் சமூகம் மூன்று நிலைகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குருமார் முதல் நிலை, பிரபுக்கள் இரண்டாம் நிலை, வணிகர், வழக்கறிஞர், கைவினைஞர், உழவர் ஆகிய ஏனைய அனைவரும் மூன்றாம் நிலை. வரிச்சுமையின் பெரும்பகுதி இந்த மூன்றாம் நிலையின் தலையில்தான் விழுந்தது. இவ்வரிகளுள் மக்கள் மிகவும் வெறுத்தது 'கபெல்' என்னும் உப்பு வரியாகும். பல மாகாணங்களில் எட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு உப்பை அரசு விலைக்கு வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்ததோடு, உப்பின் விலையும் மாகாணத்துக்கு மாகாணம் பன்மடங்கு வேறுபட்டதால், கள்ள உப்புக் கடத்தல் ஒரு பிழைப்பாகவே வளர்ந்தது. இப்படிப்பட்ட வரியை மக்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. அத்தனை காலம் பொறுத்ததே வியப்பு.

ஆனால் அரசைத் திவாலாக்கியது போர்ச்செலவு. அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயருக்கு எதிராக 1778-இல் இறங்கிய பிரான்சு, அப்போரை இந்தியக் கடலிலும் நடத்தியது. 1782 ஜூலை 6-இல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் சுஃப்ரேன் தலைமையில் 11 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் ஹியூஸ் தலைமையில் 11 ஆங்கிலப் போர்க்கப்பல்களும் எதிரெதிராக அணிவகுத்துப் பீரங்கிகளால் சுட்டுக்கொண்டன. திடீரெனக் காற்று திசைமாறி இரு அணிகளும் கலைந்துபோக, வெற்றி தோல்வி முடிவாகாமலே பிரெஞ்சுக் கப்பல்கள் காரைக்கால் பக்கம் வந்து நங்கூரமிட்டன. இத்தகைய போர்கள் பெரும்பாலும் கடன்பணத்தில் நடந்தமையால், 1788-இல் பிரெஞ்சு அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே போயிற்று. அதே ஆண்டு கல்மழையால் விளைச்சல் பாழாகி, ரொட்டி விலை ஏழைகளின் கைக்கு எட்டாமற் போனது.

வேறு வழியின்றிப் பதினாறாம் லூயி, 1614-க்குப் பின் ஒருமுறையும் கூடாத மூன்று நிலைகளின் பொதுச்சபையை 1789 மே 5-இல் கூட்டினார். நிலைக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா என்ற கேள்வியிலேயே சபை முட்டி நின்றது. முதல் முறையென்றால் மற்ற இரு நிலைகளும் சேர்ந்து மூன்றாம் நிலையை எப்போதும் வீழ்த்திவிட முடியும். ஜூன் 17-இல் மூன்றாம் நிலையினர் தங்களையே தேசிய சபை என அறிவித்ததோடு இறையாண்மை மன்னரிடமிருந்து நழுவத் தொடங்கியது என்று கொள்வதே பொருந்தும்; ஜூலை 14-இல் பஸ்தீய் கோட்டை வீழ்ந்தது அதை உறுதிசெய்த நிகழ்ச்சி. ஆகஸ்டில் பிரபுக்களின் சலுகைகள் ஒழிந்தன, மனித உரிமைச் சாசனம் வெளியாயிற்று.

இச்செய்தி புதுச்சேரிக்கு 1790 பிப்ரவரியில்தான் கப்பலேறி வந்து சேர்ந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் படையும் தளவாடங்களும் இல் த பிரான்சு என்ற மொரீசியசுக்கு மாற்றப்பட்டிருந்ததால், பாதுகாப்பற்று விடப்பட்ட ஆத்திரத்தில் இருந்த ஐரோப்பியக் குடிகள் உடனே கூடிக் குழு அமைத்தனர். வங்காளத்திலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான சந்திரநாகூரிலோ அதிகாரியையே விரட்டிவிட்டனர். தமிழர்களும் தங்கள் குறைகளை மனுவாக எழுதிக் கொடுத்தனர். ஆயினும் புதிய சபையில் அமர்ந்து வாக்களித்தவர்கள் ஐரோப்பியரே. குடியுரிமை என்ற சொல்லுக்கு அங்கே நிறமும் ஒரு தகுதியாயிற்று.

பாரீசில் நிகழ்ச்சிகள் வேகமெடுத்தன. 1791 ஜூனில் தப்பியோட முயன்று பிடிபட்ட மன்னர் மீது எஞ்சியிருந்த நம்பிக்கையும் அற்றது. 1792 ஆகஸ்ட் 10-இல் அரண்மனை தாக்கப்பட்டது. செப்டம்பர் 21-இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. 1793 ஜனவரி 21-இல் மன்னர் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறிக்கு இரையானார். பிப்ரவரி 1-இல் குடியரசு ஆங்கிலேயர் மீது போர் தொடுத்ததன் விளைவு இந்தியாவில் உடனே தெரிந்தது: ஆகஸ்ட் 23-இல் புதுச்சேரி சரணடைந்தது, காரைக்காலும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இதனால் 1794 பிப்ரவரி 4-இல் குடியரசு நிறைவேற்றிய அடிமைமுறை ஒழிப்பு ஆணை இக்கரைக்கு வரவே இல்லை. இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளும் இருந்த மொரீசியசிலோ, அந்த ஆணையை எடுத்துவந்த அரசுப் பிரதிநிதிகளைத் தோட்ட முதலாளிகள் 1796-இல் திருப்பி அனுப்பிவிட்டனர். 1817 ஜனவரி 14-இல் காரைக்கால் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, பிரான்சின் அரியணையில் வெட்டுண்ட மன்னரின் தம்பி பதினெட்டாம் லூயி அமர்ந்திருந்தார். மக்கள் வாக்களித்து நகராட்சி அமைக்கும் முறை 1880-இல்தான் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. கொம்யூன் என்னும் அந்த உள்ளாட்சிப் பிரிவுகளுள் ஒன்றாக நெரவி தனியே பிரிக்கப்பட்டது 1907-இல், பாரீசில் முடியாட்சி ஒழிந்து 115 ஆண்டுகள் கழித்து.