வசீகரம் (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்)

வசீகரம் என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் எண்ணாகக் குறிக்கப்படும் ஆறு அடிப்படைப் பண்புகளுள் ஒன்று. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம் ஆகியவை மற்ற ஐந்து. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, அமெரிக்காவின் டிஎஸ்ஆர் நிறுவனம் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே இது இடம்பெற்றது. அந்தப் பதிப்பில் மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகையே மதிப்பெண் என்பதால் அது 3 முதல் 18 வரை அமைந்தது.

அழகையும் பேச்சுத்திறனையும் அளக்கும் பண்பு என்றே இன்றைய ஆட்டக்காரர்கள் பலர் இதைக் கருதுகிறார்கள். முதல் பதிப்பில் இதன் தலையாய வேலை வேறு: ஒருவரை நம்பி எத்தனை பேர் வருவார்கள், வந்தவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதை முடிவு செய்வது. மதிப்பெண் 3 அல்லது 4 உள்ளவருக்கு ஒரே ஒரு கூலியாள்தான். அந்தக் கூலியாளின் விசுவாசத்திலும் 2 குறையும். 18 பெற்றவர் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். விசுவாசத்தில் 4 கூடும். கூலியாளுக்கு நல்ல வெகுமதி கொடுத்தால் விசுவாசம் ஏறும், மோசமாக நடத்தினால் இறங்கும் என்பதும் விதி. சூனியக்காரியிடம் சிக்கும் வீரன் பன்றியாக மாற்றப்படுவானா, காதலனாக வைத்துக்கொள்ளப்படுவானா என்பதற்குக்கூட அந்தப் பதிப்பு வசீகரத்தையே அளவுகோலாக்கியது.

விசுவாசத்தை எண்ணால் அளக்கும் இந்தச் சிந்தனையின் வேர் போர் விளையாட்டுகளில் இருக்கிறது. கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரெனுடன் சேர்ந்து 1971இல் வெளியிட்ட செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விளையாட்டில், இழப்பு மிகுந்த படை மனமுடைந்து களத்தைவிட்டு ஓடுமா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். படைக்கு இருந்த அந்தக் கணக்கு, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பெயரும் கூலியும் உள்ள தனி மனிதருக்கு வந்து சேர்ந்தது.

டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டின் அடிப்படைப் பதிப்பு இதை மிகத் தெளிவாக வகுத்தது. பணியாளின் மன உறுதி எண், அவரை அமர்த்தியவரின் வசீகரத்தைப் பொறுத்தது. வசீகரம் 3 என்றால் மன உறுதி 4. 9 முதல் 12 வரை என்றால் 7. 18 என்றால் 10. ஆபத்து அளவு மீறும்போது ஆட்ட நடத்துநர் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டுவார். விழுந்த எண் மன உறுதியைத் தாண்டினால் பணியாள் ஓடிவிடுவார். சுரங்கத்தில் தீவட்டி பிடித்து நிற்கும் பணியாளின் எதிரே பூதம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மன உறுதி 7 என்றால் அவர் நின்று பிடிக்கும் வாய்ப்பு சுமார் 58 விழுக்காடு. அதுவே 10 என்றால் சுமார் 92. வாள் எடுக்கத் தெரிந்தும் வசீகரம் இல்லாத தலைவன் இருட்டில் தனியாக நிற்க நேர்வது இப்படித்தான். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மன உறுதி மறுபடி சோதிக்கப்படும். உயிர் தப்பியவர் அடுத்த பயணத்துக்கும் வருவார் என்பது உறுதியில்லை.

அழகு வேறு, வசீகரம் வேறு என்று காட்ட 1985இல் அன்எர்த்ட் ஆர்கேனா நூல் உடலழகைத் தனிப் பண்பாக்கியது. அது நிலைக்கவில்லை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் தொண்டர் கூட்டம் எல்லோருக்கும் உரியதாக இல்லாமல் போனது. ஆறாம் நிலையை எட்டியவர் ‘தலைமை’ என்னும் சிறப்புத் திறனை விரும்பித் தேர்ந்தால் மட்டுமே கிடைக்கும். நிலையையும் வசீகர மதிப்பெண்ணுக்குரிய கூடுதலையும் சேர்த்தால் தலைமை எண். நேர்மைக்கும் தாராளத்துக்கும் அதில் 1 கூடும். கொடுமை செய்பவன் என்று பெயரெடுத்தால் 2 குறையும். அதே பதிப்பில் சோர்சரர் என்ற மந்திரவாதி வகுப்புக்கு வசீகரமே மந்திர ஆற்றலின் ஊற்றானது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் பார்ட், பாலடின், வார்லாக் ஆகிய வகுப்புகளும் அந்த வரிசையில் நிற்கின்றன. ஏமாற்று, மிரட்டல், கலைநிகழ்ச்சி, இணங்கவைத்தல் ஆகிய நான்கு திறன்களும் வசீகரத்தைச் சார்ந்தவை. பண்பின் மதிப்பு உயர்ந்தது உண்மை. ஆனால் ஒரே உருட்டலில் காவலனை இணங்கவைப்பதைத் தலைமை என்று சொல்ல முடியாது. நடத்தும் விதத்தால் மனிதர்களைத் தக்கவைக்கும் பொறுப்பைப் பழைய பதிப்புகளின் கூலியாள் அட்டவணைதான் ஆட்டக்காரரின் தோளில் வைத்தது. அந்த வகையில் அதுவே சிறந்த விதி.

ஐந்தாம் பதிப்பின் ஆட்ட நடத்துநர் கையேட்டில் விசுவாச விதி விருப்பத் தேர்வாக இன்னும் இருக்கிறது. குழுவில் மிக உயர்ந்த வசீகர எண்ணே துணையாளின் விசுவாசத்துக்கு உச்சவரம்பு. தொடக்கம் அதில் பாதி. விசுவாச எண் பூஜ்யத்தைத் தொட்டால் துணையாளின் விசுவாசம் அற்றுப்போகும்.