பந்தயக் காருக்கு சைலன்சர் மாட்டியது யார்?

மப்ளர் என்றால் கல்வராயன் மலைப் பக்கம் மார்கழிக் குளிருக்குக் கழுத்தில் சுற்றும் துணிதான் ஞாபகம் வரும். நாம் சைலன்சர் என்று சொல்வதை அமெரிக்கர்கள் மப்ளர் என்பார்கள். அது பந்தயக் கார்களுக்கு எப்படி வந்தது என்று பார்ப்போமா?

எஞ்சினில் எரிந்த வாயு விட்டுவிட்டு வேகமாக வெளியே பாய்வதால்தான் அந்தச் சத்தம். சைலன்சருக்குள் இருக்கும் அறைகளில் சத்த அலைகள் மோதித் திரும்பி அடங்குகின்றன. ஆனால் வாயு வெளியேறுவதற்குக் கொஞ்சம் தடை வரும், பவரும் குறையும். பந்தயக்காரர்களுக்கு அதனால்தான் சைலன்சர் பிடிப்பதில்லை.

இங்கிலாந்தில் வேபிரிட்ஜ் ஊருக்குப் பக்கத்தில் 1907-ல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. திறந்த கையோடு எட்ஜ் என்பவர் 24 மணி நேரம் விடாமல் கார் ஓட்டிச் சாதனை செய்தார். அக்கம்பக்கத்தாருக்கு அன்று தூக்கம் போனது. அவர்கள் எதிர்த்ததால் இரவு ஓட்டத்துக்குத் தடை வந்தது. 1920-களில் விஷயம் கோர்ட் வரை போய், கார்களுக்குப் பெரிய சைலன்சர் கட்டாயமானது. அதன் பெயரே 'புரூக்லேண்ட்ஸ் கேன்'. 1929-ல் 24 மணி நேரப் பந்தயம் நடத்த நினைத்தபோதும் பகலில் 12, மறுநாள் பகலில் 12 என்று பிரித்துத்தான் நடத்தினார்கள். இரவில் கார்களைப் பூட்டி வைத்தார்கள்! இப்படி ஒத்துப்போனதால் 1939-ல் போர் வரும்வரை அங்கே பந்தயம் நடந்தது.

நேர்க்கோட்டில் சுமார் 402 மீட்டர் சீறிப் பாய்வது டிராக் ரேஸ். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம் அருகே 1955-ல் தொடங்கிய லயன்ஸ் டிராக் தளம் மிகவும் பிரபலம். சுற்றிலும் இருந்தவர்களின் சத்தப் புகார்களால் 1972 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். மப்ளர் இருந்தால்தான் ஓட்டலாம் என்ற விதி அமெரிக்காவின் சில தளங்களில் இருப்பதற்குக் காரணம் இந்த மாதிரிப் புகார்கள்தான்.

நம் தமிழ்நாட்டில் பழைய சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்தது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி பார்முலா 4 பந்தயம் நடத்துவது பற்றிய வழக்கிலும் அருகிலுள்ள மருத்துவமனைகளுக்குச் சத்தம் கேட்குமே என்ற கேள்வி வந்தது.

ரோட்டில் ஓடும் வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 120-வது விதிப்படி சைலன்சர் கட்டாயம். சத்த விதியை மீறினால் முதலில் 1,000 ரூபாய் அபராதம் இருந்தது. 2019 திருத்தத்தில் அது 10,000 ரூபாய் வரை உயர்ந்தது. மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

கள்ளக்குறிச்சி வழியாகப் போகும் சேலம் - உளுந்தூர்பேட்டை சாலை நேராக, அகலமாக இருக்கிறது. சைலன்சரை மாற்றிய பைக்குகளுக்கு அது டிராக் தளம் மாதிரி. காமர்ஸ் கணக்கில் சொன்னால், கிடைக்கிற பவர் ஓட்டுபவருக்கு வரவு. தூக்கம் கெடுவது சாலையோர வீட்டுக்காரருக்குச் செலவு. அந்தச் செலவைத் திருப்பிக் கேட்டவர்களால்தான் இந்த விதிகள் எல்லாம் வந்தன. வேகம் பிடித்தவர்கள் இருங்காட்டுக்கோட்டை மாதிரி இடத்துக்குப் போகலாம். சாலையோர வீட்டில் தூங்கும் குழந்தை எங்கே போகும்?