வாடகை மிதிவண்டி: செலவை ஏற்றவர் யார்?

தெருவோரத்தில் நிற்கும் மிதிவண்டியை வேண்டுவோர் எடுத்துச் சென்று, வேறோரிடத்தில் விட்டுப் போகும் ஏற்பாடு இன்று உலக நகரங்கள் பலவற்றில் உள்ளது. கைத்தொலைபேசி வந்த பின் பிறந்த புதுமை இது எனப் பலர் கருதுவர். ஆயினும், இதன் வரலாறு 60 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அவ்வரலாற்றைப் பூட்டும் அட்டையும் மாறிவந்த கதையாகக் கூறுவோர் பலர் உளர். செலவை ஏற்ற கை மாறிவந்த கதையாக அதனைப் படித்தால், இத்திட்டங்களுள் சில நிலைத்ததும் பல மறைந்ததும் ஏன் என்பது விளங்கும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

வெள்ளை வண்டிகள்

1965 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் 'புரோவோ' என்னும் இளைஞர் இயக்கத்தார் சில மிதிவண்டிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசிப் பூட்டின்றித் தெருவில் விட்டனர். எவரும் எடுக்கலாம், எங்கும் விடலாம், வாடகை இல்லை. இத்திட்டத்தை வகுத்தவர் லூட் ஸ்கிமெல்பென்னிங்க் என்பவர். வண்டிகளெல்லாம் திருடு போனமையால் திட்டம் அழிந்தது என்று இன்றும் எழுதுவோர் உண்டு. உண்மை வேறு. தெருவில் விடப்பட்டவை மிகச் சிலவே. பூட்டில்லா வண்டியைத் தெருவில் விடுதல் சட்டத்திற்கு மாறானது எனக் கூறிக் காவல்துறையினர் அவற்றைக் கைப்பற்றினர்.

ஸ்கிமெல்பென்னிங்க் வெறுங் கனவு கண்டவர் அல்லர், கணக்கும் போட்டார். பொதுப் போக்குவரத்தில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் செல்ல நகராட்சி ஏற்கும் செலவில் பத்தில் ஒரு பங்கே வெள்ளை வண்டிக்கு ஆகும் என்பது அவர் வாதம். நகரமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆகவே, முதல் திட்டம் வீழ்ந்தது திருடரால் அன்று. பொருள் தருவார் இன்மையால் என்க.

நாணயமும் அட்டையும்

திருட்டுக்கு அஞ்சியது வீண் என்பதும் இல்லை. 1993 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏறத்தாழ 300 பச்சை வண்டிகள் இலவசமாக விடப்பட்டன. அவற்றுள் மிகப் பல விரைவிலேயே காணாமற் போயின.

1995 இல் கோபன்ஹேகன் நகரம் வேறு வழி கண்டது. 20 குரோனர் நாணயத்தைப் பூட்டில் இட்டால் வண்டி விடுபடும். திரும்பப் பூட்டினால் நாணயம் கைக்கு வரும். பிற வண்டிகளுக்குப் பயன்படாத உறுப்புகளைக் கொண்டு 1,000 வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் வணிகர் விளம்பரங்கள் இடம்பெற்றன. ஆயினும், நாணயம் இட்டவர் இன்னார் என்று அறிய வழி இல்லை. விளம்பர வருவாயும் நகராட்சியின் துணையும் உள்ளளவும் நடந்த அத்திட்டம் 2012 இல் முடிவுற்றது.

பெயரறியாக் குறையை 1998 இல் பிரான்சின் ரேன் நகரம் நீக்கியது. பதிவு செய்தோருக்கு அட்டை கொடுத்து, எவ்வண்டி எவரிடம் உள்ளது எனக் கணிப்பொறி வழி அறிந்தது. அத்திட்டத்தை நடத்தியது ஒரு விளம்பர நிறுவனம் என்பது கருதத்தக்கது.

பாரிசின் பண்டமாற்று

2007 ஜூலை 15 அன்று பாரிஸ் நகரில் 'வெலிப்' என்னும் பெருந்திட்டம் தொடங்கியது. முதலில் விடப்பட்டவை ஏறத்தாழ 10,000 வண்டிகள். நகராட்சி நடத்தியவர்க்குக் காசு கொடுப்பதற்கு மாறாக, நகரின் 1,600க்கு மேற்பட்ட விளம்பரப் பலகைகளைப் பயன்படுத்தும் உரிமையை ஜேசிடெக்கோ நிறுவனத்திற்கு அளித்தது. அந்நிறுவனம் வண்டிகளை அமைத்து நடத்தியது. வாடகை வருவாய் நகராட்சிக்கே சேர்ந்தது.

பொதுப்பணம் செலவாகவில்லை என மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், அப்பலகைகளை ஏலத்தில் விட்டிருந்தால் நகருக்குப் பணம் வந்திருக்கும். வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்தலும் செலவே அன்றோ? ஆயிரக்கணக்கான வண்டிகள் களவு போயும் உடைந்தும் அழிந்தபோது, அவ்விழப்பில் நகராட்சியும் பங்கேற்க நேர்ந்தது. 2018 இல் வேறு நிறுவனம் பொறுப்பேற்றபோது, விளம்பர உரிமையினின்று மிதிவண்டித் திட்டம் பிரிக்கப்பட்டது. செலவு வெளிப்படையாகக் கணக்கில் ஏறியது.

இத்துணைச் செலவு ஏன்? வண்டியின் விலை அதில் ஒரு பகுதியே. காலையில் மக்கள் குடியிருப்புகளிலிருந்து அலுவலகங்களை நோக்கிச் செல்வர், மேட்டிலிருந்து பள்ளத்திற்கு விரும்பி மிதிப்பர், மேடேற மறுப்பர். ஓரிடத்தில் வண்டிகள் குவியும். மற்றோரிடத்தில் ஒன்றும் இராது. அவற்றை லாரியில் ஏற்றி மாற்றிவைக்க இரவும் பகலும் ஆள் வேண்டும். மேட்டு நிலையத்தில் வண்டியை விடுவோர்க்கு 15 நிமிடம் கூடுதலாக இலவசம் என்று பாரிஸ் அறிவித்தது இது பற்றியே. பழுது பார்த்தலும் ஓயாத வேலை. பயணம் பெருகப் பெருக வரவு பெருகுவது போலவே இச்செலவும் பெருகும்.

வங்கிகளின் பெயர்

2010 இல் லண்டன் திட்டத்திற்கு பார்க்ளேஸ் வங்கி 5 ஆண்டுகளுக்கு 25 மில்லியன் பவுன் தர இசைந்து, தன் பெயரை வண்டிகளில் பொறித்துக்கொண்டது. மீதச் சுமை நகரப் போக்குவரத்து ஆணையத்தின்மேல் விழுந்தது. 2013 இல் நியூயார்க் திட்டத்திற்கு சிட்டி வங்கி 5 ஆண்டுகளுக்கு 41 மில்லியன் டாலர் அளித்தது. அங்கு நகரின் பணம் இல்லாமலே நடத்தலாம் என்று கருதினர். அடுத்த ஆண்டே திட்டம் பணமுடையில் சிக்கியது. புதிய முதலீட்டாளர் வந்தனர். 95 டாலராக இருந்த ஆண்டுக் கட்டணம் 149 டாலராயிற்று.

முற்பணத்தின் கதை

இனி நம் நாட்டிற்கு வருவோம். சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம், ஜூரோங் ஏரி வட்டாரத்தில் அரசின் பொருளுதவியுடன் ஒரு திட்டம் தொடங்க எண்ணி 2016 இல் ஒப்பந்தப் புள்ளிகள் கோரியது. 2017 தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் நிலையம் வேண்டாத வண்டிகளைக் கொண்டுவந்து தெருவெங்கும் நிறுத்தின. மானியமின்றியே சேவை கிடைக்கும்போது அரசுப் பணம் எதற்கு என்று ஆணையம் தன் திட்டத்தைக் கைவிட்டது.

மானியம் இல்லைதான், ஆனால் செலவு மறைந்துவிடவில்லை. முதலீட்டாளர் பணமும், பயனீட்டாளர் செலுத்திய முற்பணமும் அந்நிறுவனங்களிடம் குவிந்தன. ஓபைக் நிறுவனம் ஒருவரிடம் 49 வெள்ளி பெற்றது. 2018 ஜூன் 25 அன்று அந்நிறுவனம் இங்குத் தன் சேவையை நிறுத்தியபோது, மக்களுக்குத் திருப்பித் தரவேண்டிய முற்பணம் ஏறத்தாழ 6.3 மில்லியன் வெள்ளி. அதே ஆண்டு டிசம்பரில் சீனாவில் ஓஃபோ நிறுவனத்திடம் முற்பணம் கேட்டு இணையத்தில் வரிசையில் நின்றோர் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். வாடகை மலிவு என்று மகிழ்ந்தவர்க்கு முதலுக்கே மோசம் வந்தது. 49 வெள்ளி ஒருவருக்குச் சிறு தொகையாகத் தோன்றலாம். பள்ளிப் பிள்ளைக்கும் நாட்கூலித் தொழிலாளிக்கும் அது சிறு தொகை அன்று.

2018 இல் சட்டம் திருத்தப்பட்டு உரிமமுறை வந்தது. வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இடப்பட்டது. உரிமம் பெறும் நிறுவனமே ஆணையத்திடம் பிணைப்பணம் செலுத்த வேண்டும் என்பதும் விதியாயிற்று. 2019 முதல், குறித்த இடத்தில் நிறுத்தி அங்குள்ள குறியீட்டைப் பதிந்தாலன்றிப் பயணம் முடிவுறாது என்ற கட்டுப்பாடும் ஏற்பட்டது.

முடிவுரை

மிதிவண்டியில் ஏறாதவன் வரிப்பணத்தை அதற்கு ஏன் செலவிடவேண்டும் என்று வினவலாம். வினா நேர்மையானதே. ஆனால், நம் பேருந்துகளுக்கும் பயணக் கட்டணம் மட்டும் போதுவதில்லை. 2016 முதல் அரசே பேருந்துகளை உடைமையாகக் கொண்டு, அவற்றை ஓட்டும் நிறுவனங்களுக்கு ஒப்பந்தப்படி பணம் தருகிறது. பேருந்தில் ஏறாதவனும் அதன் பயனைப் பெறுகிறான். சாலையில் நெரிசல் குறைகிறது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை செல்லும் மிதிவண்டியும் அப்பொதுப் போக்குவரத்தின் ஓர் உறுப்பே.

இவ்வரலாற்றில் வாடகைப் பணம் தனித்து நின்று திட்டத்தைத் தாங்கியதைக் காண்டல் அரிது. ஆர்வலர் உழைப்பு, விளம்பரப் பலகை, வங்கியின் பெயர், மக்களின் முற்பணம் என ஏதேனும் ஒன்று துணை நின்றது. துணை விலகிய நாளில் திட்டம் தளர்ந்தது. அல்லது வாடகை உயர்ந்தது. ஆதலின், இலவசம் என்றோ மலிவு என்றோ புதிய திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது, எஞ்சிய செலவை யார் தருகிறார், எத்தனை ஆண்டுக்குத் தருகிறார், அவர் விலகினால் யார் தருவார் என்று மக்கள் கேட்டறிய வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு அத்தகைய வெளிப்படையான கணக்கே. அதனை மறைத்து நடத்திய திட்டங்களுக்கும் ஒருவர் விலை கொடுத்தார். அவர், பெரும்பாலும், கொடுக்கிறோம் என்று அறியாமலே கொடுத்தார்.